சார் திறந்து வைத்தது

பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுபவர்கள் விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. டுடோரியலின் முன்னறைக் கம்ப்யூட்டரில் என் விண்ணப்பம் திறக்கவில்லை. "டேட்டாபேஸை வேறொருவர் பயன்படுத்துகிறார்: வேணுகோபால்" என்றே திரும்பத் திரும்ப வந்தது. டுடோரியலை நடத்திய வேணுகோபால் சார் இறந்து நான்கு நாளாகிறது.

"உள்ரூம் கம்ப்யூட்டர்ல சார் தொறந்தது அப்படியே கெடக்கு. அத மூடினாத்தான் இங்க தொறக்கும்," என்றார் ஆபீஸ் ரோகிணி அக்கா. "நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. நீ போய்க் கேளு."

உள்ளறையில் திரை முழுக்கச் சாரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மானிட்டருக்கு மாலை. கீபோர்டு தெரியாதபடி பூக்கள். எதிரே விளக்கு. பக்கத்தில் அவர் மனைவி.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்..."

"காரியம் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதும்மா. உங்களுக்குன்னே உழைச்ச மனுஷன். பதினாறு நாள் பொறுக்க முடியலையா?"

அடுத்த தேர்வு வருவதற்குள் அப்பா என்னை மாமாவுக்குக் கட்டிவைத்துவிடுவார். அதை அங்கே எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்தேன்.

மூன்றரை மணிக்குக் கரண்ட் போனது. படம் மட்டும் பேட்டரியில் எரிந்தது. சற்று நேரத்தில் பேட்டரி தீரப்போகிறதென்று மேசைக்கடியில் யுபிஎஸ் விடாமல் கத்தத் தொடங்கியது. அந்த அம்மா பதறி எழுந்து கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

"நல்லா வேண்டிக்கம்மா," என்றார் அழுதபடி.

முதலில் இது அணையட்டும், அப்புறம் ஐந்துக்குள் கரண்ட் வரட்டும் என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்.