வளைகுடா பேக் இங்கே செல்லாது

"இலங்கைக்கு வரவேற்கிறோம். உங்கள் வளைகுடா ரோமிங் பேக் இந்த நாட்டில் செல்லாது."

ஹஃப்ஸா மறுபடியும் நம்பரைப் பார்த்தாள். அத்தாவின் நம்பரேதான்.

அத்தா ஷேக் பரீத் இருப்பது சார்ஜாவில். கூத்தாநல்லூர் ஆண்களில் பாதிப் பேரைப் போல அவருக்கும் பாதி ஆயுசு வெளிநாட்டுச் சபரிலேயே போய்விட்டது. பேங்க் ஓடிபி வரவேண்டுமே என்று ஊர் சிம்மையும் அங்கே கூடவே வைத்திருக்கிறார். அதற்கு மாதாமாதம் ரோமிங் பேக் போடுவது ப்ளஸ் டூ படிக்கிற ஹஃப்ஸாவின் பொறுப்பு. அதனால் அந்த சிம்முக்கு வருகிற அறிவிப்பெல்லாம் இவள் போனுக்கும் வந்துவிடும்.

பேக் செல்லுகிற நாடுகள் அவளுக்கு மனப்பாடம். எமிரேட்ஸ், கத்தார், ஓமான், குவைத், பஹ்ரைன், சவுதி. இலங்கை அதில் கிடையாது.

அத்தாவுக்கும் இலங்கைக்கும் என்ன?

கேள்வி வருவதற்குள் பதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தாவுடைய பாட்டனாருக்குக் கொழும்பில் கடை இருந்தது. கடைக்கு மாடியில் இன்னொரு குடும்பமும் இருந்தது. அவர் மௌத்தான பிறகுதான் அது ஊருக்குத் தெரிய வந்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே.

யோசிக்க யோசிக்க எல்லாமே பொருந்திக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளாக அத்தா வீடியோவில் முகம் காட்டுவதில்லை. ரூமில் லைட் சரியில்லையாம். முன்பெல்லாம் தப்பித் தவறி ஊர் நம்பருக்கு அடித்துவிட்டால், "இன்கமிங்குக்குக் காசு ஓடுதும்மா, வையி, வையி" என்று பதறுவார். போன வாரம் அதே நம்பரில் மூத்தவள் லாத்தாவோடு நிக்காஹ் சேலையைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். காசு ஓடுகிற பேச்சே இல்லை.

லாத்தா ரிஸ்வானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

இந்த நேரம் பார்த்து இது வெளியே வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? லாத்தா என்ன ஆவாள்? அம்மா?

அத்தாவுக்கே போட்டுக் கேட்டுவிடலாம் என்று நம்பரை எடுத்தாள். கேட்டு, அவர் பொய் சொல்லிவிட்டால்? அந்தப் பொய்யைக் காதால் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

உச்சி வெயில். லாத்தா தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா சஃபியா கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதப் படி. அழக் கூடாது."

"யாரு மௌத்து?"

"படியேன்."

செதில் ஒட்டிய கையை நைட்டியில் துடைத்துவிட்டு அம்மா போனை வாங்கினாள். எட்டப் பிடித்துப் படித்தாள். ஹஃப்ஸா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் கலங்கவில்லை. பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தால் வருமே, அந்தக் கோபம்தான் வந்தது.

"இந்த மனுசனுக்குச் சொன்னா ஏறாதே!"

எழுந்து உள்ளே போய்த் தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். ஹஃப்ஸா கதவில் காதை வைத்தாள்.

"கரைப்பக்கம் போனா போன அமத்திட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்றது? கோடியக்கரையில நின்னா சிலோன் டவரு புடிச்சுக்கும்னு ஒங்களுக்கு வேல குடுத்த உப்பளத்துக்காரரு மொத நாளே சொன்னாருன்னீங்கல்ல? இங்க புள்ள மெரண்டு போயி நிக்கிறா. சார்ஜா வேல போனது போச்சுங்க. நிக்காஹ் முடியிற வரைக்கும் நீங்க சார்ஜாலதான் இருக்கீங்க. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

கோடியக்கரை.

மூன்று பஸ் மாறினால் போய்விடலாம்.

கதவு தானாகத் திறந்துகொண்டது. ஹஃப்ஸாவைப் பார்த்ததும் அம்மா போனை உள்ளங்கையால் பொத்தினாள். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அத்தா லீவுல வந்து எறங்குற மாதிரி வருவாங்க," என்றாள் சன்னமாக. "லாத்தாவுக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. என்ன?"

பொத்திய கைக்குள்ளிருந்து அத்தாவின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"ஹஃப்ஸா பக்கத்துல இருக்காளா? குடு அவள்ட்ட."

அம்மா கண்ணாலேயே கெஞ்சிவிட்டுப் போனை நீட்டினாள்.

"அம்மாடி! அது டவர் கோளாறும்மா. சிலோனாவது கிலோனாவது! சார்ஜால இன்னிக்கு என்ன வெயிலுங்குற, நான் ஏசி ரூம விட்டு நகரவே இல்ல."

காற்றில் அவர் குரல் போய்ப் போய் வந்தது. எங்கேயோ ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது.

"சரி அத்தா," என்றாள் ஹஃப்ஸா. "தலையில துண்டு போட்டுக்கிட்டு நில்லுங்க."

அந்தப் பக்கம் லாரி கிளம்பிப் போனது.

"போட்டிருக்கேம்மா," என்றார் அத்தா.