திராட்சை அறையின் தாழ்ப்பாள்

கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இருநூறு பெட்டி திராட்சை இருந்த குளிரறையின் தடித்த கதவில் முதுகைச் சாய்த்து நின்றான் இன்னாசிராஜ்.

"ரெண்டே பெட்டி, இன்னாசி. மலைக்கோட்டையில என் கடை காலியா கிடக்கு," என்றார் இஸ்மாயில்.

"குளிர் போனா காம்பு காஞ்சு பழம் உதிரும், பாய். இன்னொரு தடவை உதிர்ந்தா எனக்கு வேலை இல்லைன்னுட்டார் முதலாளி."

"முதலாளியையே மிஞ்சிட்டியேப்பா!"

அப்போது முதலாளியின் மனைவி பேட்ரிசியா சாப்பாட்டுக் கேரியருடன் வந்தார். "அவர் எங்கே?"

"இன்னும் வரலைங்கம்மா."

"ஸ்கூட்டர் பின்வாசல்ல நிக்குதே! பெட்டிகளைப் பார்க்கணும்னு அப்பவே வந்துட்டாரே!"

இன்னாசிராஜ் திரும்பிக் கதவைப் பார்த்தான். கரண்ட் போனதும் ஓடி வந்து, லேசாகத் திறந்திருந்த அதை இழுத்து மூடி, வெளியே தாழ்ப்பாள் போட்டது அவன்தான்.