மூன்றாம் மேசைக்காரர்

ஷிஹாபின் போன் விளையாட்டில் மூன்றாம் மேசைக்காரர் எழுந்து போகவேயில்லை. கோப்பிக்கடை நடத்தப் பழக்கும் விளையாட்டாம் அது. எல்லா மேசையும் காலியானால்தான் அன்றைய நாள் முடியும். நாள் முடிந்தால்தான் இரண்டாவது கடை திறக்கும். அதைத் திறந்து காட்டினால், மடவளையில் நிஜக்கடை போட மனைவி மஸீனா சம்மதிப்பாள்.

மற்றபடி மட்டமான சரக்கு. அதில் பால் திரிவதில்லை. மழைக்குக் கூட்டம் குறைவதில்லை. விலையைப் பத்து மடங்காக்கினாலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றாம் மேசைக்காரர் மட்டும் சிரிக்காமல் உள்ளங்கையை நீட்டியபடி இருந்தார்.

“எல்லாக் கோப்பியும் குடுத்துப் பாத்துட்டேன்,” என்றான் ஷிஹாப்.

மஸீனா எட்டிப் பார்த்தாள். “பிளேன்டீக்குக் கடிச்சிக்கக் கருப்பட்டி கேட்டுக் கைய நீட்டிக்கிட்டு ஈக்கார். கட போடப்போற ஆளுக்கு இது வெளங்கல்லையா?”

விளையாட்டில் கருப்பட்டி இல்லை. மஸீனா பால் கலக்காத ஒரு பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து, போனுக்குப் பக்கத்தில், யாருமில்லாத கதிரைக்கு முன்னால் வைத்தாள். போனுக்குள் அவர் திரும்பிப் பார்த்தார், எழவில்லை.

வைப்பது மட்டும் போதாது. கதிரையையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அப்போது அவர் போனுக்குள்ளிருந்து எழுந்து இங்கே வந்துவிடுகிறார்.