பெயர் ஒட்டிய டியூப்

“நீ எந்திரிக்காதம்மா, நானே எடுத்துக்கிறேன்” என்று கனகாவைத் தடுத்துவிட்டு, அறுபதை நெருங்கும் புரொபசர் கஸ்பார் தானே ஸ்டூலில் ஏறி மேல் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்தார். எதிர் மேஜையில் இருந்த ஐரினுக்கு வயிறு எரிந்தது.

நேற்று இதே பாட்டிலை ஏறி எடுத்தவள் ஐரின்தான். “பாத்து எடு, ஒடச்சிராத” என்றதோடு சரி.

திண்டுக்கல்லில் அந்தக் கல்லூரி லேபில் இருவரும் அவரிடம் பி.எச்.டி. செய்கிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் எச்சிலை டியூபில் பிடித்து வந்து, மன அழுத்தம் வந்தால் ஏறுகிற ஹார்மோன் அதில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. நாகல் நகரிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து, மூன்று வருடமாக எச்சில் பிடித்தவள் ஐரின். கனகா சின்னாளபட்டியிலிருந்து போன வருடம்தான் வந்து சேர்ந்தவள்.

ஆனால் இந்த ஒரு மாதமாக மார்க்கெட் வேலை முழுக்க ஐரின் தலையில். கனகாவுக்கு ஃபேனுக்கு அடியில் நாற்காலி, பதினொரு மணிக்குப் பால், வீட்டுக்குப் போக ஆட்டோ. மகாராணிக்கு முகம் பூரி மாதிரி உப்பி, கன்னம் சிவந்து மினுமினுத்தது. கவனிப்பு அப்படி!

வேலூரில் நல்ல சம்பளத்தில் ஓர் ஆராய்ச்சி வேலை காலியாக இருந்தது. இருவரில் ஒருவரைச் சிபாரிசு செய்யப்போவதாகச் சார் முன்பே சொல்லியிருந்தார். அப்பா போனபின் ஐரின் வீட்டில் அத்தனை பேரும் நம்பியிருந்தது அந்த வேலையைத்தான்.

அன்று சாயங்காலம் சார் போனில் பேசியது ஐரின் காதில் விழுந்தது. “ரெண்டு புள்ளைகளுக்கும் ஹார்மோன் டெஸ்ட் பண்ணிப் பாத்துர்றேன் டாக்டர். ரிசல்ட் வந்ததும் வேலூருக்கு அனுப்பி வைக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். “ஆளுக்கு ஒரு டியூப் எச்சில் குடுங்கம்மா. மதுரையில பெரிய லேபுக்கு அனுப்பணும்.”

ஐரினுக்குப் பகீரென்றது. அளவு குறைவாக இருப்பவளுக்குத்தான் வேலை, வேறென்ன? பதற்றக்காரியை யார் எடுப்பார்கள்? பாலும் ஆட்டோவுமாக இருப்பவளுக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? பொறாமையில் ஒரு மாதமாகத் தூக்கத்தைத் தொலைத்த தன் எச்சிலில்தான் ஹார்மோன் பொங்கி வழியும்!

டியூப்களை ஐஸ் பெட்டியில் அடுக்குவதும் அவள் வேலைதான். சார் அந்தப் பக்கம் திரும்பியதும், பெயர் எழுதிய பிளாஸ்திரிகளை உரித்து மாற்றி ஒட்டிவிட்டாள்.

ஆறாம் நாள் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “உக்காரும்மா” என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பாலும் வந்தது. இத்தனை நாளும் கனகா குடித்த பால்! அந்தக் கனகா கண் கலங்கி வாசலில் நிற்பதைப் பார்த்து, நல்லா அழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் ஐரின்.

“வேலூருக்கு நீதாம்மா போகணும்” என்றார் சார்.

“எப்ப சார் வேலையில சேரணும்?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “வேலை கெடக்கட்டும்மா, அதை அப்புறம் பாக்கலாம். ஒன் டியூபுல ஹார்மோன் அஞ்சு மடங்கு இருக்கு. தலைக்குள்ள கட்டி இருந்தா இம்புட்டு ஏறும்கிறாரு வேலூர் டாக்டர். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தாம்.”

“மொகம் வீங்குறதப் பாத்து கனகாவுக்குத்தான் அந்தக் கட்டின்னு நான் ஒரு மாசமா பயந்துக்கிட்டிருந்தேன். பதறுவாளேன்னு சொல்லல. ஒங்கிட்ட எடுத்தது சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தாம்மா.”

ஐரின் கனகாவின் உப்பிய முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்; கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. கனகா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா, எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே... ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நான் வாரேன்.”