துளசிங்கத்தின் இராப்பசி

"யக்கா, இந்த ஆளுக்கு ஒரு வழி பண்ணு. நேத்தும் பானைய வழிச்சித் தின்னுட்டாரு!"

இருசம்மாள் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நாகம்மாளின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கோட்டைக்குப்பத்தில் பிள்ளைப்பேறு முதல் பேதி வரைக்கும் நாகம்மாள்தான் வைத்தியம்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. விடிகாலையில ஏரிக்கு மீன் புடிக்கப் போற மனுஷனாச்சேன்னு ராத்திரியே சோத்துல தண்ணி ஊத்தி வெக்கிறேன். கருக்கல்ல எழுந்து பாத்தா பானை காலி. அப்புறம் வெறும் வயித்தோட படகு தள்ளிக்கினு போறாரு. என்னிக்காவது மயங்கித் தண்ணியில விழுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"கேட்டா இன்னா சொல்றான்?"

"பசிச்சிது, தின்னேன்றாரு. குப்பமே சிரிக்குதுக்கா."

சிரிக்கத்தான் செய்தது. வலை காயவைக்கும் இடத்தில் இளவட்டங்கள், "அண்ணே, ராத்திரி பந்தி ஆச்சா?" என்று கேட்பார்கள். துளசிங்கம் ஒருநாளும் திருப்பிப் பேசியதில்லை. வாயில்லாப் பூச்சி என்று ஊர் அவனைப் பற்றி முடிவு கட்டிவிட்டது.

"பானைய ஒளிச்சி வெச்சிப் பாத்தியா?"

"உறியில தூக்கி வெச்சேன். அதையும் எறக்கியாச்சி."

நாகம்மாள் துளசிங்கத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். வெகுநேரம் விடவில்லை. பிறகு இருசம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, நீ இன்னா சாப்பிடற?"

"என்ன எதுக்குக் கேக்கற? பொழுது சாஞ்சா ஒரு வாய் கூழு. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்தபோது, "கப்பல்ல ஏறினா சோறு போடறாங்களாம் நைனா" என்று சொல்லிவிட்டு, மகன் மாரி ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்கு ஏறிக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போனான். பத்தொன்பது வயசு. அன்றைக்கே இருசம்மாள் கங்கையம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். அவன் திரும்பி வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்வரை தான் அரிசிச் சோற்றை வாயில் வைப்பதில்லை. வைத்தால் அம்மன் அவனைக் கைவிட்டுவிடலாம்.

அந்தச் சத்தியம்தான் கடலுக்கு அப்பால் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அவள் நம்பினாள். கப்பல் வரும்போதெல்லாம் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் போய் நிற்பாள். இதுவரை ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் அவள் நம்பிக்கையை ஒருவரும் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு அல்லவா?

"ரெண்டு வருஷமா ஒரு வாய் கூழுல உசுரோட இருக்கியே, இருசா!"

"அம்மன் காப்பாத்தறா."

துளசிங்கம் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாகம்மாள் இருசம்மாள் பக்கம் திரும்பினாள். "இது காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. மந்திரிக்க வேணாம். பகல்ல வயித்தக் காயப்போட்டா அது ராத்திரியில எழுந்து கேக்கும். பகல்லயே அதைக் கவனிச்சிக்கணும்."

"இன்னா செய்யணும், சொல்லு."

"ஏரியிலேந்து வந்ததும் மோர் கரைச்ச கேழ்வரகுக் கூழு, ஒரு சட்டி. உச்சிப் பொழுதுக்குக் களியும் மடவை மீனு கொழம்பும், முருங்கக்கீரையும். வெளக்கு வெக்கிறதுக்கு முன்னாடி பனங்கெழங்கு, அவிச்ச பயறு. ஒரு வேளை தவறக் கூடாது."

"செஞ்சி போடறேன்."

"போட்டா மட்டும் போதாது. தனியா உக்காந்து தின்னா இந்த வைத்தியம் பலிக்காது. கூட உக்காந்து நீயும் சாப்பிடணும். அவன் ஒரு வாய், நீ ஒரு வாய். மூணு வேளையும்."

இருசம்மாள் பதறிப்போனாள். "நானா? எம்மவன் அங்க இன்னாத்த தின்றானோ, எப்படிக் கெடக்கறானோ! நான் இங்க மீனு தின்னணுமா?"

"சத்தியம் சோத்துக்குத்தானே? கூழுக்கும் களிக்கும் இல்லியே?"

"இல்லதான். மனசு வரலியே, யக்கா." அவள் அழுதுவிட்டாள்.

துளசிங்கம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நீ தின்னாதான் எனக்கும் தொண்டையில எறங்கும், இருசா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மார்பெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக இந்த மனிதனை எத்தனை திட்டியிருக்கிறாள்! ஒரு நாளாவது எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னானா?

"சரிக்கா. இந்த ஆளு பொழைக்கணும். நான் சாப்பிடறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாகம்மாளின் கொல்லையில் ஒரு கொத்து முருங்கைக்கீரையை ஒடித்து எடுத்து, களி கிண்ட வீட்டுக்கு வேகமாக நடந்தாள்.

பின்னாலேயே கிளம்பிய துளசிங்கத்தை நாகம்மாள் நிறுத்தினாள். "நில்லு. ராத்திரியில ஒரு பானை சோறு தின்றவன் நாடியா இது? ஊரு சிரிக்குது, அவ திட்டறா, நீ பட்டினியா படகு தள்ளற. உண்மைய அவகிட்ட சொன்னா இன்னா?"

துளசிங்கத்தின் கண்கள் மனைவி போன வழியிலேயே இருந்தன.

"எப்படிக்கா சொல்றது? தூக்கத்துலயே எழுந்து வந்து அந்தச் சோத்தத் தின்றது அவதான்னு தெரிஞ்சா, பெத்த புள்ள உசுரத் தானே தின்னுட்டதா நெனச்சி அன்னிக்கே ஏரியில எறங்கிடுவா."