எதிர்ப்பக்கம் போனது

கவரைப்பேட்டை வீட்டின் மாடி ஜன்னலில் சாயங்கால வெயில் சிவந்து நிற்கிறது. எதிரே இரும்பு உருக்காலையின் புகைபோக்கி. அங்கேதான் போன மாதம் இர்பானாவின் தம்பி தௌஹீத், கொதிக்கும் இரும்புக் குழம்பில் தவறி விழுந்தான். அடக்கம் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்காகக் கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் இர்பானா, தன் ஆராய்ச்சி வரைபடத்தை லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கிறாள். படத்தில் ஒரு பக்கம் கூரான சிகரம். மறுபக்கம் தட்டையாகக் கிடக்கிறது. டீ கிளாஸோடு உம்மா மரியம் பீவி பின்னால் வந்து நிற்கிறாள்.

"இன்னா இது?"

"ரெண்டு அணுக்கருவ வேகமா மோதவுட்டா நெருப்பா கொதிக்கும், உம்மா. அதுலருந்து துகளுங்க ரெண்டு பக்கமும் பீச்சியடிக்கும். ஓரமா பொறந்தது வெளிய ஓடியாந்துடும், அதான் இந்தக் கூரு. எதிர்ப்பக்கம் போனது உள்ளாறயே வேகம் செத்துப்பூடும்."

சொன்ன பிறகுதான் இர்பானா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். உம்மாவின் விரல் திரையின் தட்டையான பக்கத்தை மெல்லத் தடவுகிறது.

"அப்போ அது இல்லாமலே பூடுதா?"

"இல்ல உம்மா. அதோட சக்தி அந்தச் சூட்டுலயே கலந்துகினு இருக்கும். தனியா பிரிச்சி எடுக்கத்தான் முடியாது."

கீழே ஆலையின் கேட் கிறீச்சிட்டுத் திறக்கிறது. புதுக் கம்பிகளை ஏற்றிய லாரி ஒன்று, கம்பி நுனிகள் தரையை உரச, குலுங்கிக்கொண்டே சாலையில் ஏறுகிறது. உம்மா ஜன்னல் கிராதியில் நெற்றியை அழுத்தி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்க்கிறாள்.

"இந்தக் கம்பி யாரு ஊட்டுக்குப் போவுதோ," என்கிறாள்.