பாசி இல்லாத ஓடு

கலீலுர் றஹ்மான் ஆமையை இடது உள்ளங்கையில் ஏந்தி, பழைய பல்துலக்கும் பிறசால் அதன் ஓட்டைத் தேய்க்கிறார். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதுகிறது; ஆமை தலையை உள்ளிழுத்துக்கொள்கிறது. போன மாதம், தன் மகன் கலியாணம் முடித்துக் குடியேறப்போகும் இந்தச் சீதன வீட்டைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா, "ஆமைக்கே பாசி புடிச்ச வீட்டுலயா என்ட மகன் இருக்கிற?" என்று அயல் கேட்கச் சிரித்துவிட்டு எழுந்து போனாள். ஆமைத் தொட்டியில் வெயில் பட்டால் பாசி படரும் என்று அன்று மூடிய யன்னல் திரை இன்னும் திறக்கப்படவில்லை. மகனுக்கு வேறெங்கும் பெண் அமையாமல் அவள் இன்று திரும்பி வருகிறாள். "காணும் வாப்பா, ஓடு தேஞ்சிரும்," என்கிறாள் மகள் பஸ்மியா. "தேயட்டும் மகள்." வாசலில் ஓட்டோ நிற்கிறது. அவர் ஆமையைத் தொட்டிக்குள் கல்லின்மேல் இருத்தித் திரையை விலக்குகிறார். வெயிலில் ஓடு தேய்த்த செம்புபோல் மினுங்குகிறது. உள்ளே வந்த மாப்பிள்ளையின் உம்மாவுக்குத் தொட்டிக்கு நேர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க, வடிவாப் பாருங்க," என்கிறார். "மாஷா அல்லாஹ், நல்ல சுத்தம். புள்ளையக் கூப்பிடுங்களே." "ஆமையப் பார்த்துட்டுப் போங்க. புள்ளையப் பார்க்க ஏலாது." குசினியில் பஸ்மியா தேநீர்க் கோப்பைகளை மீண்டும் அலுமாரியில் அடுக்கும் சத்தம், ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்கிறது.